ஒரே துளை, வெவ்வேறு மின்சாரம்: மாடி ரேடியோவுக்கு எந்த பி.ஓ.இ.?

எங்கள் ஊரில் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. ஊருக்கு வெளியே ஒன்றேகால் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் தென்னந்தோப்புக்கு வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. வாப்பா பெரும்பாலான இரவுகளில் தோப்பு வீட்டில்தான் தங்குவார்கள். அங்கே கைப்பேசிக்குச் சிக்னல் ஒரு கோடு வரும், உடனே போகும். சபரில் இருக்கும் பிள்ளைகளை வீடியோவில் பார்க்க வேண்டுமென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் வர வேண்டும். எழுபதைத் தாண்டியவர்களை இருட்டில் வண்டி ஓட்ட விட எங்களுக்கு மனம் இல்லை. அதனால்தான் துபாயிலிருந்து விடுமுறையில் வந்த மச்சான் ஒரு ஜோடி வெளிப்புற ரேடியோவை வாங்கி வந்தார்.

ரேடியோ என்றதும் பாட்டுக் கேட்கும் பெட்டியை நினைக்க வேண்டாம். இணையத்தை அலைவரிசை வழியாக ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பும் சிறு கருவியை இந்தத் தொழில் செய்பவர்கள் ரேடியோ என்றுதான் சொல்கிறார்கள். வெள்ளை நிறத்தில் செவ்வகமாகவோ, சிறு டிஷ் போலவோ இருக்கும். ஒன்றை வீட்டு மொட்டை மாடியிலும் மற்றொன்றைத் தோப்பில் ஓர் இரும்புக் குழாயிலும் கட்டி, இரண்டையும் நேருக்கு நேர் பார்க்க வைத்தோம். வீட்டு இணையம் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தது. எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

பிறகு வீட்டில் கேமரா மாட்ட ஒருவர் வந்தார். ரேடியோவுடன் வந்த அடாப்டரில் துபாயில் பயன்படுத்தும் சதுர மூன்று கால் பிளக் இருந்தது. நம் சாக்கெட்டில் பொருந்தாததால் ஒரு மாற்று பிளக்கில் தொங்கிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த அவர், “எதுக்கு இது? நான் கொண்டுவந்த கேமரா ஸ்விட்சும் பி.ஓ.இ. தான்” என்று சொல்லி, அடாப்டரைக் கழற்றிவிட்டு மாடிக் கேபிளை நேராக ஸ்விட்சில் செருகினார். மாடியில் ரேடியோவின் விளக்குகள் ஒருமுறை பளிச்சென்று எரிந்து அணைந்தன. அதற்குப் பிறகு எரியவே இல்லை.

அவர் நல்ல மனிதர். தவறு அவருடையது மட்டும் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. கேபிளின் முனை ஒன்று, துளையும் ஒன்று, பெட்டிமேல் அச்சடித்திருந்த எழுத்தும் ஒன்று. உள்ளே போகும் மின்சாரம் மட்டும் வேறு. இந்த வேறுபாட்டை முன்பே யாராவது எங்களுக்கு எளிமையாகச் சொல்லியிருந்தால் ஒரு ரேடியோ மிஞ்சியிருக்கும். வாப்பா பத்து நாட்களுக்கு மேல் தொடர்பில்லாமல் தோப்பில் தங்கியிருக்கவும் வேண்டியிருக்காது.

பி.ஓ.இ. என்பது ‘பவர் ஓவர் ஈதர்நெட்’ என்பதன் சுருக்கம். இணையத் தகவல் போகும் அதே கேபிளில் கருவிக்குத் தேவையான மின்சாரத்தையும் அனுப்புவது இதன் வேலை. மாடியில் தனியாக 230 வோல்ட் வயர் இழுத்து, மழையில் நனையும் இடத்தில் பிளக் பாயின்ட் வைக்க வேண்டியதில்லை. அடாப்டர் வீட்டுக்குள் காய்ந்த இடத்தில் இருக்கும். மேலே போவது குறைந்த வோல்ட் நேர்மின்சாரம் மட்டும்தான். யோசனை நல்ல யோசனை. ஆனால் இதைச் செய்வதற்கு இரண்டு வழிகள் உண்டு, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

முதல் வழி, கேட்டுக் கொடுக்கும் வழி. இதை ‘ஆக்டிவ்’ என்பார்கள். மின்பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ. இதற்கு 2003-இல் 802.3ஏ.எஃப். என்ற தரத்தை வகுத்தது. இதன்படி செய்த ஸ்விட்ச், கேபிளைச் செருகியதும் மின்சாரத்தைத் திறந்துவிடாது. முதலில் 10 வோல்ட்டுக்கும் குறைவாக மெல்லத் தட்டிப் பார்க்கும். மறுமுனையில் சுமார் 25 ஆயிரம் ஓம் தடை தெரிந்தால்தான் ‘இது என் தரத்தில் செய்த கருவி’ என்று முடிவு செய்யும். பிறகு அதற்கு எவ்வளவு மின்சாரம் தேவை என்பதையும் பார்த்துக்கொண்டு, 44 முதல் 57 வோல்ட் வரை கொடுக்கும். பேச்சு வழக்கில் 48 வோல்ட் என்பது இதைத்தான். வாசலில் “யாரு?” என்று கேட்டு, குரல் தெரிந்த பிறகு கதவைத் திறப்பது போல. பதில் வராவிட்டால் திறக்காது. ஆகவே மடிக்கணினியையோ டிவியையோ இதில் தவறுதலாகச் செருகினாலும் ஒன்றும் ஆகாது.

இந்தத் தரத்தில் ஒரு துளை கொடுக்கக்கூடிய அளவு 15.4 வாட். 2009-இல் வந்த 802.3ஏ.டி. அதை 30 வாட் ஆக்கியது. 2018-இல் வந்த 802.3பி.டி. 90 வாட் வரை கொண்டுபோனது. நம் வீட்டு ரேடியோக்களுக்கு முதல் அளவே தாராளம்.

இரண்டாவது வழி, கேட்காமல் கொடுக்கும் வழி. இதன் பெயர் ‘பேசிவ்’. அடாப்டரைச் சுவரில் செருகிய நொடியிலிருந்து கேபிளில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். மறுமுனையில் ரேடியோ இருக்கிறதா, மடிக்கணினி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது, அது பார்ப்பதும் இல்லை. கேட்டுப் பார்க்கும் சுற்று தேவையில்லாததால் செலவு குறைவு. மலிவாக விற்க வேண்டிய வெளிப்புற ரேடியோக்களைச் செய்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். யூபிக்குட்டியின் ஏர்மேக்ஸ் வகை ரேடியோக்களான நானோஸ்டேஷன், லைட்பீம் போன்றவையும், டிபி-லிங்கின் சி.பி.இ.510 போன்றவையும் பெரும்பாலும் 24 வோல்ட் பேசிவில் ஓடுபவை. மைக்ரோடிக் ரேடியோக்களில் பல, குறைந்த வோல்ட்டிலிருந்து அதிக வோல்ட் வரை ஓர் அகலமான எல்லைக்குள் எதைக் கொடுத்தாலும் ஏற்கும். அந்த எல்லை ஒவ்வொரு மாடலுக்கும் மாறும் என்பதால் அதையும் படித்துத்தான் பார்க்க வேண்டும்.

நம் கடைகளில் கேமராவுக்கென விற்கும் ஸ்விட்சுகள் 48 வோல்ட் வகை. அவற்றில் நல்லவை கேட்டுக் கொடுக்கும். மலிவானவற்றில் சில, 48 வோல்ட்டையும் கேட்காமலே கொடுத்துவிடும். ‘பி.ஓ.இ. 48 வோல்ட்’ என்று மட்டும் அச்சிட்டு, 802.3 என்ற எண் எங்கேயும் இல்லாத பெட்டியைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த வகைதான். 24 வோல்ட்டுக்குச் செய்த ரேடியோவுக்குள் 48 வோல்ட் கேட்காமல் நுழைந்தது. பிறகு திறந்து பார்த்தபோது, மின்சாரம் நுழையும் இடத்தில் ஒரு சிறு ஐ.சி. கருகியிருந்தது. மற்றதெல்லாம் புதிது போல இருந்தது.

எதை எதில் செருகினால் என்ன ஆகும்?

கேட்டுக் கொடுக்கும் நல்ல ஸ்விட்சில் 24 வோல்ட் பேசிவ் ரேடியோவைச் செருகினால் ஒன்றுமே நடக்காது. ஸ்விட்ச் தட்டிப் பார்க்கும், பதில் வராது, மின்சாரம் கொடுக்காது. ரேடியோவில் விளக்கு எரியாததைப் பார்த்து ‘செத்துவிட்டது’ என்று பலர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அது சாகவில்லை, அதற்கு உணவு வரவில்லை, அவ்வளவுதான்.

இதைத் திருப்பிப் பார்த்தாலும் பெரும்பாலும் அதே கதைதான். 802.3ஏ.எஃப். ரேடியோவுக்கு 24 வோல்ட் அடாப்டரைக் கொடுத்தால் அது விழித்துக்கொள்ளாது. வேலை செய்ய அதற்குக் குறைந்தது 37 வோல்ட்டாவது வந்து சேர வேண்டும். விதிவிலக்காக இரண்டையும் ஏற்கும் கருவிகளும் உண்டு. டிபி-லிங்கின் இ.ஏ.பி.225-அவுட்டோர் அப்படி ஒன்று. அதே நிறுவனத்தின் சி.பி.இ.510 அப்படி இல்லை. நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

உண்மையான ஆபத்து, கேட்காமல் கொடுக்கும் மின்சாரம் தவறான இடத்துக்குப் போகும்போதுதான். 48 வோல்ட் 24 வோல்ட் ரேடியோவுக்குள் போவது ஒன்று. அடாப்டரில் உள்ள இரண்டு துளைகளை மாற்றிச் செருகுவது இன்னொன்று. ஒன்றில் ‘லேன்’ என்றும் மற்றதில் ‘பி.ஓ.இ.’ என்றும் எழுதியிருக்கும். ரேடியோவுக்குப் போக வேண்டிய மின்சாரம் கீழே ரவுட்டருக்குப் போய்விடும். சில கருவிகளில் பயன்படாத வயர்களை உள்ளே சிறிய ரெசிஸ்டர்கள் மூலம் சேர்த்து வைத்திருப்பார்கள். 24 வோல்ட் அவற்றின் வழியே பாய்ந்தால் சூடேறிக் கருகும். ஸ்மார்ட் டிவியோ, பிள்ளைகள் படிக்கும் மடிக்கணினியோ அந்த முனையில் இருந்தால் இழப்பு ரேடியோவின் விலையோடு நிற்காது.

ஒரே நிறுவனத்தின் அடாப்டர்களைக்கூட மாற்றிப் போடக் கூடாது. யூபிக்குட்டியின் ஏர்ஃபைபர் வகை ரேடியோக்கள் சிலவற்றுக்கு 50 வோல்ட் பேசிவ் அடாப்டர் வரும். ஏர்மேக்ஸுக்கு வருவது 24. அதே நிறுவனத்தின் டஃப்ஸ்விட்ச் புரோ ஸ்விட்சில் ஒவ்வொரு துளைக்கும் 24, 48 என்று திரையிலேயே தேர்ந்தெடுக்கலாம். வசதிதான். ஆனால் ஒரு தவறான கிளிக்கில் மாடியில் புகை வரும் வசதி.

கூட்டல், கழித்தல் முனைகளும் ஒரு சிக்கல். கேட்காமல் கொடுக்கும் 24 வோல்ட் அடாப்டர்களில் பொதுவாக 4, 5 ஆகிய வயர்களில் கூட்டல், 7, 8 ஆகிய வயர்களில் கழித்தல். நாம் வழக்கமாகக் கிரிம்ப் செய்யும் நிற வரிசையில் முதலாவது நீல ஜோடி, இரண்டாவது பழுப்பு ஜோடி. மோட்டோரோலா கனோப்பி போன்ற பழைய ரேடியோக்களில் இது தலைகீழாக இருந்தது. பழைய சாமான் சந்தையில் ரேடியோவும் அடாப்டரும் தனித்தனியாக வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 802.3 தரத்தில் செய்த ரேடியோக்கள் எந்தப் பக்கம் கூட்டல் வந்தாலும் ஏற்கும்படி உள்ளேயே ஏற்பாடு உண்டு. பேசிவ் ரேடியோ எல்லாவற்றிலும் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்றையும் பார்த்திருக்கிறோம். எட்டு வயரில் நாலை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டு, மீதி நாலை ‘தேவையில்லை’ என்று வெட்டிவிடுவார்கள். 100 எம்.பி. வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கே போதும் என்பதால் கணினியில் இணையம் வரும், கேபிள் நல்ல கேபிள் போலத் தெரியும். மாடி ரேடியோவோ எரியாது, ஏனென்றால் மின்சாரம் போக வேண்டிய நீலமும் பழுப்பும் அந்தக் கேபிளில் இல்லை.

கேபிளில் தொலையும் வோல்ட்

தோப்பில் எங்களுக்கு வேறொரு தொல்லை இருந்தது. பகலில் நன்றாக ஓடும் ரேடியோ, சில நேரங்களில் தானாக அணைந்து தானாக எழும். அடாப்டரை மாற்றினோம், சரியாகவில்லை. கடைசியில் குற்றவாளி கேபிள்தான் என்று தெரிந்தது.

கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும் கேபிள்களில் பல முழுச் செம்பு இல்லை. அலுமினியக் கம்பிமேல் செம்பு பூசியவை. கடைக்காரர்கள் சி.சி.ஏ. என்பார்கள். அலுமினியத்தில் மின்சாரம் அவ்வளவு எளிதாகப் போகாது, தடை சுமார் ஒன்றரை மடங்கு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 வாட் எடுக்கும் ரேடியோ, 100 மீட்டர் கேபிள், 24 வோல்ட் அடாப்டர். முழுச் செம்பாக இருந்தால் மேலே போய்ச் சேருவது சுமார் 20 வோல்ட். செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால் 17 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். அதே செம்புக் கேபிளில் 48 வோல்ட் அனுப்பினால் 46-க்கு மேல் போய்ச் சேரும். வோல்ட் அதிகமாக இருந்தால் அதே வேலைக்குக் குறைந்த ஆம்பியர் போதும், வழியில் தொலைவதும் குறையும். 802.3 தரம் 48-ஐத் தேர்ந்தெடுத்ததில் உள்ள நியாயம் இது.

ரேடியோ அதிகமாகத் தகவல் அனுப்பும்போது அதிக மின்சாரம் கேட்கும். அப்போது வோல்ட் இன்னும் இறங்கும். ஓர் அளவுக்குக் கீழே போனதும் ரேடியோ அணைந்து மறுபடி எழும். வாப்பா வீடியோவில் பேச ஆரம்பித்ததும் தொடர்பு அறுந்த மர்மம் இப்படித்தான் விளங்கியது. உம்மா அதுவரை “அவங்க ஏதோ பட்டனை அமுக்கிடறாங்க” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கேபிளைச் சோதிப்பது எளிது. ஒரு வயரின் மேல்தோலை நீக்கி, பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். நாலைந்து தடவை மடித்து நிமிர்த்தினாலே ஒடிந்துவிடும். வீட்டுக்குள் பத்து மீட்டருக்கு அது போதும் என்பார்கள். மாடிக்கும் தோப்புக்கும் முழுச் செம்பு, வெயில் தாங்கும் கறுப்பு உறை, இவை இரண்டிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

நம்மில் பலர் இருப்பது கடலோர ஊர்களில். உப்புக் காற்று கிரிம்ப் செய்த முனையில் பச்சை பூக்க வைக்கும். கேபிளில் எப்போதும் நேர்மின்சாரம் நிற்பதால், ஈரம் சேர்ந்துவிட்டால் கூட்டல் பக்கத்து ஊசிகள் இன்னும் வேகமாக அரிக்கும். ரேடியோவின் மூடியை முழுமையாக மூட வேண்டும். கேபிள் ரேடியோவுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு இருக்க வேண்டும். அப்போதுதான் மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

இடி மின்னலுக்குச் சரியான எர்த் வேண்டும். உறைக்குள் உலோகத் தகடு சுற்றிய கேபிளும், அதற்கேற்ற உலோக முனையும், வீட்டுக்குள் நுழையும் இடத்தில் பி.ஓ.இ.-க்கு உகந்த சர்ஜ் தடுப்பானும் போட்டு, இரும்புக் குழாயையும் சேர்த்து எர்த் செய்ய வேண்டும். பக்கத்தில் நேராக விழும் மின்னலை இவையெல்லாம் தடுத்துவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே இடி பலமாகும் முன்பே அடாப்டரைச் சுவரிலிருந்தும், அதிலிருந்து ரவுட்டருக்குப் போகும் கேபிளையும் கழற்றிவிடுவதை எங்கள் வீட்டில் வழக்கமாக்கிக்கொண்டோம். இடி தலைக்கு மேல் வந்த பிறகு அதைத் தொடப் போகக் கூடாது.

இனி, கையில் ஓர் அடாப்டரோ ஸ்விட்சோ இருக்கிறது, அது எந்த வகை என்று தெரியவில்லை என்றால் என்ன செய்வது? முதலில் அதன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். ‘அவுட்புட்’ என்ற இடத்தில் வோல்ட்டும் ஆம்பியரும் இருக்கும். பிறகு ரேடியோவின் பெட்டியிலோ நிறுவனத்தின் தளத்திலோ அந்த மாடலின் தேவையைப் பாருங்கள். வோல்ட் பொருந்த வேண்டும். ஆம்பியர் தேவைக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், அதிகமாக இருப்பதால் தீங்கில்லை. 802.3 எண் ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால் செருக வேண்டாம்.

சீட்டு அழிந்துபோயிருந்தால் மல்டிமீட்டர் இருக்கிறது. ஒரு சாண் கேபிளில் ஒரு முனையை மட்டும் கிரிம்ப் செய்து, மறுமுனையில் நீல ஜோடியையும் பழுப்பு ஜோடியையும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள். கிரிம்ப் செய்த முனையை அடாப்டரின் பி.ஓ.இ. துளையில் செருகி, நேர்மின்சார வோல்ட் அளவில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 24 என்றோ 48 என்றோ அசையாமல் நின்றால் அது கேட்காமல் கொடுக்கும் வகை. நிலையான அளவு எதுவும் வராமல் சிறு துடிப்பு மட்டும் தெரிந்தால், பெரும்பாலும் கேட்டுக் கொடுக்கும் வகை. ஸ்விட்சுகளில் சில, ஆரஞ்சு, பச்சை ஜோடிகளில் மின்சாரம் அனுப்பும் என்பதால் அவற்றுக்கு இடையிலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

கேமராவுக்கு நல்ல 802.3 ஸ்விட்ச் வாங்கிவிட்டீர்கள், ரேடியோ மட்டும் 24 வோல்ட் என்றால் இரண்டையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஸ்விட்சிலிருந்து வரும் கேபிளை ரேடியோவின் சொந்த அடாப்டரில் ‘லேன்’ துளையில் செருகி, ‘பி.ஓ.இ.’ துளையிலிருந்து மாடிக்குக் கொண்டுபோகலாம். அடாப்டரே வேண்டாம் என்றால், 802.3ஏ.எஃப். மின்சாரத்தை வாங்கி 24 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் சிறு மாற்றிகள் கிடைக்கின்றன. யூபிக்குட்டியே அப்படி ஒன்றை விற்றிருக்கிறது. வாங்கும்போது 100 எம்.பி.-க்கா, ஜிகாபிட்டுக்கா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் கதையில் மீதமிருப்பது கொஞ்சம்தான். மாடிக்குப் புதிய ரேடியோ வந்தது. பழைய அடாப்டரை எடுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் கவனித்தோம், அதன் மின்கம்பி பின்புறம் கழற்றி மாட்டும் வகை. கணினி மானிட்டருக்கு வரும் அதே கம்பி. துபாய் பிளக் உள்ள கம்பியை உருவிவிட்டு, நம் ஊர் பிளக் உள்ளதை மாட்டினால் முடிந்தது. அதன் விலை ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலைகூட இல்லை. இப்போது அந்த அடாப்டரின் மேல் ‘மாடி ரேடியோ, 24 வோல்ட், கழற்றாதீர்கள்’ என்று உம்மா மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்கள். கேமரா ஸ்விட்சின் மேலும் ‘48’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. தோப்பில் எர்த் கம்பி இன்னும் பாக்கி, ஐப்பசி மழைக்கு முன் இறக்கிவிட வேண்டும்.